மும்பையில் மின்சுற்றுப் பாடம்

மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் கம்பி, சாவி, விளக்கு ஆகியவற்றின் வழியே சென்று மறுமுனையை அடையும் மூடிய பாதையே மின்சுற்று. பள்ளி இயற்பியலில் இது டார்ச் பல்பை எரியவைப்பதில் தொடங்கி, உயர்நிலை வகுப்புகளில் ஓம் விதிவரை வளர்கிறது.

தோற்றம்

இடைவிடாத மின்னோட்டம் 1800இல் வோல்டா உருவாக்கிய மின்கல அடுக்கால் கைகூடியது. கொலோன் நகரப் பள்ளி ஆசிரியரான ஓம், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பை 1827இல் நூலாக்கினார். கிளைபிரியும் சுற்றுகளுக்கான இரு விதிகளைக் கிர்க்காஃப் 1845இல், மாணவராக இருக்கும்போதே தந்தார். இன்றைய பாடத்தின் அடித்தளம் இவ்வளவே.

நகரில் மின்சாரம்

மும்பையில் மின்சார டிராம் 1907இல் ஓடியது. 1915 முதல் கோபோலி நீர்மின் நிலையத்திலிருந்து டாடா நிறுவனத்தின் மின்சாரம் பஞ்சாலைகளுக்கு வந்தது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஹார்பர் தடத்தில் நாட்டின் முதல் மின்ரயில் புறப்பட்டது. அதற்குக் கிடைத்தது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். மேல்கம்பியிலிருந்து மோட்டாருக்கு இறங்கிய மின்னோட்டம், சக்கரம், தண்டவாளம் வழியே துணைமின் நிலையத்துக்குத் திரும்பியது. மேலே தெரிவது ஒரே கம்பி. சுற்றை நிறைவு செய்தது காலடியில் கிடந்த இரும்பு. 2016க்குள் மும்பைப் புறநகர்த் தடங்கள் முழுதும் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறின.

வகுப்பறையில்

திரும்பும் பாதையை மறப்பது மாணவர்களிடம் காணப்படும் பிழைகளில் ஒன்று. ஒரே கம்பியால் பல்பு எரியும் என்றும், இருமுனைகளிலிருந்தும் மின்னோட்டம் வந்து பல்பில் மோதும் என்றும், பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்றும் பிள்ளைகள் கருதுவதை 1980களில் நியூசிலாந்தின் ராஜர் ஆஸ்போர்ன் பதிவு செய்தார். டார்ச் பல்பின் அடிமுனை ஓர் இணைப்பு, மரையுள்ள பக்க உலோகம் இன்னோர் இணைப்பு. இரண்டும் மின்கலத்தின் இரு முனைகளோடு இணைந்தால்தான் இழை எரியும்.

1.5 வோல்ட் மின்கலத்தில் 10 ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால் 0.15 ஆம்பியர் பாயும். அதேபோன்ற இரண்டைத் தொடராக இணைத்தால் 0.075 ஆம்பியர், பக்க இணைப்பில் மொத்தம் 0.3 ஆம்பியர். வீட்டில் ஒரு விளக்கை அணைத்தாலும் மற்றவை எரிவது பக்க இணைப்பால்தான். மின்னோட்டம் அளவு மீறினால் ஃபியூஸ் உருகிச் சுற்றைத் துண்டிக்கும்.

மும்பை முயற்சிகள்

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இல் தொடங்கியது. இப்போது செம்பூரை அடுத்த மான்குர்டில் இயங்குகிறது. 1980களில் மாநகராட்சிப் பள்ளிகளில் பயின்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுடன் பணியாற்றிய அதன் ஆய்வாளர்கள், பாடநூலின் மொழிநடையே அறிவியல் கற்றலுக்குப் பெருந்தடை எனக் கண்டு அதை எளிமைப்படுத்தினர். தாராவி உள்ளிட்ட பகுதிகளில் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளிகள் உள்ள நகருக்கு இது பொருந்தும் பாடம். ஒரு மின்கலம், பல்பு, இரண்டு துண்டுக் கம்பி ஆகியவற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்த பிறகே சொற்களைக் கற்பிப்பது, எம்மொழி வகுப்புக்கும் ஏற்ற வரிசை.