எங்க சாமிக்கு எங்க கொட்டு

எங்க தாத்தா தப்படிக்கிறவர். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில், முத்துக்குளித்துறை என்று சரித்திரம் பெருமையாகச் சொல்லும் கரையில் எங்க சேரி. பகலில் உப்பளத்தில் உப்பு வாருவார். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும். அன்றைக்குக் கூலி போனாலும் போயே ஆகவேண்டும். விடிய விடிய அடித்துவிட்டு வந்தால் துண்டில் கொஞ்சம் நெல், வயிற்றில் கொஞ்சம் சாராயம். சம்பளம் அவ்வளவுதான்.

அம்மன் கோயில் கொடைக்கும் அவர்தான் போகவேண்டும். அவர் அடிக்காமல் சாமி இறங்காது. இறங்கின சாமி அவரை உள்ளே வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. திருநீற்றை எட்டி நின்று தூவுவார்கள். இவர் துண்டை விரித்து வாங்கிக்கொள்வார். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அது எங்க ஊர் அம்மன் கோயில் வாசலுக்கு நடந்து வந்து சேர முப்பது வருசமும் போதவில்லை.

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆனது. எங்க அய்யா அங்கே மூட்டை தூக்கப் போனார். கையில் காசு வந்தது, ஊர்க்காரர் தயவு தேவையில்லாமல் போனது. 1979இல் ஒரு பெரிய வீட்டுச் சாவுக்கு ஆள் வந்தபோது அய்யா வாசலில் நின்று, "இனி இந்த வீட்டுல இருந்து ஒருத்தரும் கொட்டடிக்க வரமாட்டாவ" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி சுவரில் தொங்கிய தப்பை எடுத்து அடுப்பில் வைத்தார். தோல் கருகின நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "ஏல, சாவுக்கு அடிச்சதை எரிச்சே, சரி. சாமிக்கு அடிச்சதையும் சேத்து எரிச்சுட்டியே."

அய்யா செய்தது சரி. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. தமிழ்நாடு முழுக்க எத்தனையோ சேரிகளில் பறையை எரித்தார்கள், உடைத்தார்கள், அடிக்க மாட்டோம் என்று சொல்லி அடிபட்டார்கள். அந்த மறுப்பு இல்லையென்றால் இன்றைக்கு மேடையில் பறையைத் தூக்கிப் பிடிக்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது. ஆனாலும் தாத்தா சொன்ன சொல் நாற்பது வருசத்துக்கு மேலாக என்னை விடவில்லை.

பறைக்கு இழிவு பிறவியிலேயே ஒட்டிக்கொண்டதா? தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தையும் பறையையும் ஒரே வரிசையில் வைக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் ஒரு தெய்வம், ஒரு பறை. எங்க நெய்தலுக்கு மீன்கோட்பறை, நாவாய்ப் பம்பை என்று அகப்பொருள் நூல் பேர் சொல்கிறது. புறநானூறு 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கையும் குடிகளாக எண்ணுகிறது. திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் கேட்பதும் பறைதான். உரைக்காரர்கள் அதைக் கைங்கரியம் என்று விளக்கிவிட்டார்கள். மார்கழி விடியலில் பறை பறை என்று கோயிலுக்குள் பாடுகிறார்கள். பறையடித்தவன் வெளியே நின்றான்.

தோல் தீட்டு என்று சொன்னார்கள். மிருதங்கத்தில் இருப்பதும் மாட்டுத்தோல்தானே? அந்தத் தோலைப் பதப்படுத்தி மிருதங்கம் செய்து கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஒரே தோல் சபாவில் நாதமாகவும் சேரியில் தீட்டாகவும் இருக்கிறதென்றால் அசுத்தம் தோலில் இல்லை.

1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த அலையில் பறை திரும்பி வந்தது. தலித் கலைவிழாக்களில் பறை முழங்கியது. கே.ஏ. குணசேகரன், இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டை மேடை மேடையாகக் கொண்டுபோனார். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட மனிதர், கிறிஸ்தவ வழிபாட்டுக்குள்ளேயே நாட்டுப்புற இசையையும் பறையையும் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்பிள்ளைகள் பறையை இடுப்பில் கட்டினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அய்யா உயிரோடு இருந்திருந்தால் பேப்பரை இரண்டு தரம் வாசித்திருப்பார்.

மகிழ்ச்சிதான். ஆனால் எது திரும்பி வந்தது என்று கேட்கவேண்டியிருக்கிறது. ஊர்வலத்துக்கும் மேடைக்கும் ஆட்டத்துக்கும் ஏற்ற அடிகள் வந்தன. தாத்தா சாமிக்கு அடித்த அடிகள் வரவில்லை. எங்க பக்கம் அம்மனுக்கு ஒரு அடி, சுடலைக்கு ஒரு அடி. அம்மனை அழைக்கும்போது மெதுவாக எடுத்து, சாமியாடியின் காலைப் பார்த்துப் பார்த்து ஏற்றவேண்டும். இடது கைச் சிண்டுக்குச்சி விடாமல் ஓட, வலது கை அடிக்குச்சி எங்கே விழுகிறது என்பதில்தான் சூட்சுமம். தோல் தளர்ந்தால் சருகு கொளுத்திக் காய்ச்சி, மறுபடி விட்ட இடத்தில் எடுக்கவேண்டும். சாமி மலையேறுவதற்குத் தனி அடி. இதெல்லாம் ஒரு பத்து நிமிச நிகழ்ச்சிக்குள் அடங்காது.

இந்த அடிகள் தெரிந்த பெரியவர் எங்க தெருவில் ஒருத்தர்தான் மிச்சம். வயசு எண்பதுக்கு மேல். தப்பு கிடையாது. தொடையில் தட்டிக் காட்டினார், செல்போனில் பதிந்தேன். எங்க சேரி அம்மனின் கொடைக்கு அதை அடிக்கலாம் என்று சொன்னபோது தெருவே இரண்டாகப் பிரிந்தது. கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி நேருக்கு நேராகவே கேட்டான்: "அண்ணே, உங்க அய்யா எரிச்சதை நீங்க திரும்பத் தூக்குதீயளா? நாளைக்கு ஊர்க்காரன் சாவுக்குக் கூப்பிட்டா என்ன சொல்லுவிய?"

நியாயமான கேள்வி. மூன்று ராத்திரி பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சாவுக்கு அடிப்பதில்லை. முறை, வழக்கம் என்று யார் கூப்பிட்டாலும் போவதில்லை. வெளியே போனால் பேசிய கூலி, சமமான இடம். பெண்பிள்ளைகளும் கற்றுக்கொள்ளவேண்டும். அந்த வருசம் எங்க கோயிலில், உள்ளே, அம்மனுக்கு நேர் எதிரில் நின்று நாலு பிள்ளைகள் அடித்தார்கள். இரண்டு இடத்தில் தாளம் தவறியது. பெரியவர் எழுந்து வந்து கையைப் பிடித்துத் திருத்தினார். கேள்வி கேட்ட தம்பி வரவில்லை. அவன் வராததையும் நான் மதிக்கிறேன். பயம் இன்னும் தீரவில்லை என்றால் அதற்குக் காரணம் அவனல்ல.

வாசிக்கிற தோழர்களுக்கு ஒன்று. உங்க தெருவிலும் இப்படி ஒரு தாத்தா இருப்பார். மேடைக்கு எடுபடுமா என்று பார்க்காதீர்கள். எந்தச் சாமிக்கு எந்த அடி, யாரிடம் கற்றார், அடித்ததற்கு ஊர் என்ன கொடுத்தது, எங்கே நிறுத்தி வைத்தது, எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். அடியை மட்டும் எழுதி அவமானத்தை விட்டுவிட்டால் அது பொய்ச் சரித்திரம். அவமானத்தை மட்டும் எழுதி அடியை விட்டுவிட்டால், தாத்தா சொன்ன மாதிரி, சேர்த்து எரித்தவர்கள் ஆவோம்.