கீமோதெரபி வீட்டுக்கு வந்த வரலாறு

கீமோதெரபியின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மேனும் ஆல்ஃபிரட் கில்மேனும் நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்றுக்குப் பயன்படுத்திப் பார்த்தனர். போர்க்கால இரகசியமாதலின் அச்செய்தி 1946இல்தான் வெளியாயிற்று. 1948இல் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் அளித்து, 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் கண்டதாக அறிவித்தார். அம்மருந்து பிறந்த லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றிருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். (கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்தை இழந்தவர் அவர்.)

இந்த வரிசையில் நோயாளியின் அருகே அமர்ந்திருந்தவருக்கு இடமில்லை. ஆனால் அந்த மருந்துகளின் இயல்பே அப்படியொருவரைக் கட்டாயமாக்கியது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அவை தாக்குகின்றன. புற்றணு எது, வாயின் உட்சவ்வு எது, மயிர்க்கால் எது, எலும்பு மச்சை எது என்று அவற்றுக்குப் பிரித்தறியத் தெரியாது. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் வெள்ளணுக்கள் குறைவதும் இதனால்தான்.

வாந்தியின் கதை வேறு. 1978இன் இறுதியில் அமெரிக்கா அனுமதித்த சிஸ்பிளாட்டின், ஏறத்தாழ எல்லா நோயாளிகளையும் கடுமையாக வாந்தியெடுக்க வைத்தது. மெட்டோகுளோப்ரமைடை உயர்ந்த அளவில் கொடுத்தால் அது அடங்கும் என்று ரிச்சர்ட் கிராலா குழுவினர் காட்டியது 1981இல். மூளைக்கு வாந்திச் செய்தி கொண்டுசெல்லும் செரடோனின் ஏற்பியை அடைக்கும் ஒண்டான்செட்ரான் அங்கு அனுமதி பெற்றது 1991இல். வெள்ளணுக்களைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிம் வந்ததும் அதே ஆண்டில்தான். நைட்ரஜன் மஸ்டர்டுக்கும் ஒண்டான்செட்ரானுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு. அந்த அரை நூற்றாண்டில் கிண்ணத்தை ஏந்தியவர் யார், துணியை அலசியவர் யார் என்பதை மருத்துவ இதழ்கள் எழுதவில்லை. எழுதுவது தம் வேலையென்று கருதவுமில்லை.

வாந்தி அடங்கியதன் மறுபக்கம் இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. உள்நோயாளியாகப் படுக்க வேண்டிய தேவை பல சிகிச்சைகளில் குறைந்தது. காலையில் வந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, மாலையில் வீடு திரும்பும் முறை பரவியது. நோயாளிக்கு இது பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், செவிலியர் செய்துவந்த கண்காணிப்பின் ஒரு பகுதி ஓசையின்றி வீட்டாரிடம் வந்து சேர்ந்தது. பொதுவாக, மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் தாழ்கின்றன. அப்போது உடல்வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சலன்று. வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுத்துப் பொழுது விடியக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நள்ளிரவில் வெப்பமானியைப் பார்த்து இந்த முடிவை எடுப்பவர் மருத்துவம் படிக்காத மகனோ மகளோ மருமகளோதான்.

தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எழுந்ததே ஓர் உறவின் இழப்பிலிருந்துதான். 1923இல் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு நிலையம் தொடங்கிற்று. பெங்களூரில் கித்வாய் நினைவு நிலையம் 1973இல் தோன்றி, 1980இல் தன்னாட்சி பெற்றது.

பெங்களூரில் இந்த வீட்டுப் பொறுப்போடு மற்றொன்றும் சேர்கிறது: மொழி. 1809இல் அமைந்த படைக் குடியிருப்பைச் சுற்றித் தமிழர் குடியேறிய அல்சூர் வட்டாரத்தைச் சேர்ந்தது ஜோகுபாளையம். அங்குள்ள தமிழ் வீடொன்றிலிருந்து ஓசூர் சாலையிலுள்ள கித்வாய்க்குத் தாயை அழைத்துச் செல்லும் மகளுக்குக் கோப்பு ஆங்கிலத்திலும், வரிசையில் நிற்போர் பேச்சு பெரும்பாலும் கன்னடத்திலும், தாயின் வலி தமிழிலும் இருக்கும். ‘குமட்டுது’, ‘வாய் கசக்குது’, ‘அசதியா இருக்கு’ என்னும் மூன்றும் அவள் வாயில் மூன்று வெவ்வேறு அறிகுறிகளாக மாற வேண்டும். மூன்றையும் ‘முடியல’ என்ற ஒரே சொல்லில் தாய் அடக்கிவிட்டால், பிரித்துக் கேட்டு அறிவதும் அவள் பொறுப்பே. கதிர்வீச்சைக் ‘கரண்டு வைத்தல்’ என்றும் மருந்து செலுத்துவதைக் ‘கீமோ ஏற்றுதல்’ என்றும் வழங்கும் பேச்சுத்தமிழை, கலைச்சொல்லாக்கக் குழுக்கள் அல்ல, இத்தகைய மகள்களும் நோயாளிகளும்தாம் உருவாக்கினர்.

மருத்துவமனை அவளை அழைக்கும் பெயர் ‘அட்டெண்டர்’. அலுவலகங்களில் கடைநிலை ஊழியரைக் குறிக்கும் அதே சொல். கோப்பில் மருந்தின் பெயரும் அளவும் சுற்றின் எண்ணும் பதிவாகின்றன. அவளுக்குரிய இடம், ஒப்புதல் படிவத்தின் அடியில் கையெழுத்தை ஒட்டியுள்ள ‘உறவுமுறை’ என்னும் கட்டம் மட்டுமே.