பின்னட்டையில் கொலை நடந்த வீடு
டெல் பேப்பர்பேக்குகளின் முதல் பத்தாண்டு

பழைய அமெரிக்கத் துப்பறியும் பேப்பர்பேக்குகளைச் சேர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அது பெரும்பாலும் முன்னட்டையில் துப்பாக்கியோடு நிற்கும் பெண்ணில் போய்த்தான் முடியும். 1940களின் டெல் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் மட்டும் வேறு ரகம். புத்தகம் கைக்கு வந்ததும் திருப்பிப் பின்னட்டையைப் பார்ப்பார்கள். அங்கே ஒரு வீட்டின் வரைபடம் இருக்கும். சில சமயம் ஒரு தீவு, ஒரு தெரு, ஒரு கப்பல். கொலை எங்கே நடந்தது என்று அதில் குறித்திருக்கும்.

நியூயார்க்கில் ஜார்ஜ் டெலகோர்ட் டெல் நிறுவனத்தைத் தொடங்கியது 1921இல். மலிவுக் காகிதப் பத்திரிகைகளும் காமிக்ஸும்தான் அவருடைய பிழைப்பு. அதில் நிறையவே சம்பாதித்தார். பிற்காலத்தில் சென்ட்ரல் பார்க்கில் ஆலிஸ் சிலையும் ஒரு திறந்தவெளி நாடக அரங்கும் எழும்பியது அவர் கொடுத்த பணத்தில். 1939இல் பாக்கெட் புக்ஸ் 25 சென்ட்டுக்கு புத்தகம் விற்கத் தொடங்கி, ஏவனும் பாப்புலர் லைப்ரரியும் பின்னாலேயே வந்தபோது, டெலகோர்ட்டுக்கும் ஆசை வந்தது. ஆனால் நேரம் சரியில்லை. போர்க்காலம், காகிதத்துக்கு ரேஷன்.

கைகொடுத்தது ஓர் அச்சகம். மிச்சிகன் ஏரிக்கரையில், சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நடுவே உள்ள ரசீன் என்ற ஊரில் வெஸ்டர்ன் பிரிண்டிங் அண்ட் லித்தோகிராஃபிங் நிறுவனம் இருந்தது. 1907இல் சின்ன ஜாப் பிரஸ்ஸாக ஆரம்பித்து, குழந்தைப் புத்தகங்களிலும் டிஸ்னி காமிக்ஸிலும் பெரிதாக வளர்ந்த இடம். டெல் காமிக்ஸை ஏற்கெனவே அங்கேதான் தயாரித்தார்கள். 1943இல் பேப்பர்பேக்கும் அதே ஏற்பாட்டில் வந்தது: விற்பனையும் பெயரும் டெல்லுடையவை, புத்தகத்தை உருவாக்குவது வெஸ்டர்ன். முதல் எண், பிலிப் கெச்சம் எழுதிய 'டெத் இன் தி லைப்ரரி'.

இந்த ஏற்பாட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் எண்ணம். நாம் டெல் என்று கொண்டாடுவது உண்மையில் ரசீன் ஊர் அச்சகத்தின் கைவேலை. நியூயார்க் பதிப்பாளர் ஒருவர் அட்டையை விளம்பரப் பலகையாகப் பார்ப்பார். ரசீன்காரர்களோ குழந்தைகளுக்குப் படப்புத்தகமும் புதிர்ப்புத்தகமும் போட்டுப் பழகியவர்கள். துப்பறியும் கதை அவர்கள் கைக்குப் போனதும் அதுவும் பெரியவர்களுக்கான விளையாட்டுச் சாமானாகிவிட்டது.

முன்னட்டைகளை எடுத்துக்கொள்வோம். அச்சகத்தின் ஓவியப் பிரிவில் வேலை பார்த்த ஜெரால்ட் கிரெக் வரைந்தவை மட்டும் 200ஐத் தாண்டும். எல்லாம் ஏர்பிரஷ் வேலை. படத்தின் ஒரு பகுதியை மட்டும் விட்டு மற்றதை மறைத்துத் தாள் ஒட்டி, காற்றில் மையைத் தூவி, பிறகு தாளை உரித்து அடுத்த பகுதிக்குப் போகவேண்டும். தூரிகைத் தடமே தெரியாது. வெண்ணெயில் செய்தது போன்ற வழவழப்பு. கதையில் வரும் காட்சியை அவர் அதிகம் வரைவதில்லை. ஒரு எலும்புக் கை, ஒரு கத்தி, ஒரு விஷப் புட்டி, பின்னால் அடர்ந்த ஒரே நிறம். அந்த அட்டையை எட்டடி தூரத்திலிருந்தும் அடையாளம் கண்டுவிடலாம். மருந்துக்கடை, ரயில் நிலைய ஸ்டாண்டுகளில் விற்ற சரக்குக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இனி வரைபடம். ஐந்தாவது எண்ணான ஜார்ஜ் ஹார்மன் காக்ஸின் 'ஃபோர் ஃப்ரைட்டன்ட் விமன்' அதைத் தொடங்கிவைத்தது. 1950களின் தொடக்கத்தில் நிற்பதற்குள் 500க்கும் மேற்பட்ட புத்தகங்களில் வந்துவிட்டது. சிகாகோவைச் சேர்ந்த ரூத் பெலூ என்ற ஓவியர் மட்டும் 150க்கு மேல் வரைந்தார் என்கிறார்கள். இவ்வளவு செய்தும் அவர் பெயர் புத்தகத்தில் இருக்காது. அவர் பாணியில் கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால் மாளிகையின் அறைகள் வரிசையாகத் தெரியும். கட்டில், படிக்கட்டு, தோட்டத்துப் பாதை, கார் நிறுத்தும் கொட்டகை என்று ஒவ்வொன்றுக்கும் குட்டி எழுத்தில் பெயர். ஏதோ ஓர் அறையில் சடலம் கிடந்த இடம். படிக்கும்போது, சாட்சி சொன்ன நேரத்தில் நூலகத்திலிருந்து மாடிக்குப் போக முடியுமா என்று நாமே திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒன்றை வரைய யாராவது நாவலை முழுசாக, குறிப்பெடுத்துப் படித்தாகவேண்டும். 25 சென்ட் புத்தகத்துக்கு இந்த உழைப்பு! அகதா கிறிஸ்டி, ரெக்ஸ் ஸ்டவுட், பிரெட் ஹாலிடே, ஹாம்மெட் எல்லோருக்கும் இதே மரியாதைதான். ஹிட்ச்காக்கின் 'ரோப்' படத்தைக் கதையாக்கி 1948இல் வெளியிட்டபோது அதற்கும் பின்னட்டையில் வரைபடம் உண்டு.

உள்ளேயும் விளையாட்டு தொடரும். முதல் பக்கங்களிலேயே பாத்திரங்களின் பட்டியல், ஒவ்வொருவருக்கும் ஒரு குறும்பான வரி. அட்டையில் சாவித் துவாரத்துக்குள்ளிருந்து பார்க்கும் ஒரு கண். துப்பறியும் கதைக்கு அதுதான் முத்திரை.

பின்னட்டை வரைபடம் ஏன் நின்றது? விற்பனைதான் காரணம். பின்னட்டையில் நாலு வரி சுண்டி இழுக்கிற வாசகம் போட்டால் கூடுதலாக விற்கும் என்று வியாபாரத் தரப்பு நினைத்தது. 1950இல் கோல்ட் மெடல் என்ற போட்டி வரிசை நேரடியாகப் புது நாவல்களைப் பேப்பர்பேக்கில் இறக்கியது. அதன் அட்டைகளில் வியர்வையும் கிழிந்த சட்டையுமாக மனிதர்கள். போட்டியில் எல்லா நிறுவனங்களும் அந்தப் பக்கம் சாய்ந்தன. டெல்லுக்கு ராபர்ட் ஸ்டான்லி வரைந்தார். தானும் தன் மனைவியுமே மாடல்கள் என்பதால் அவருடைய பல அட்டைகளில் அதே ஜோடி அடிதடி செய்துகொண்டிருக்கும். 1952இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இத்தகைய அட்டைகளை விசாரிக்கிற அளவுக்குச் சூடு ஏறியது.

1958இல் ராபர்ட் மெக்கின்னிஸ் டெல்லுக்கு வந்தார். பிரெட் ஹாலிடேயின் துப்பறிவாளர் மைக் ஷேன் வரிசைக்கு அவர் வரைந்த நீண்ட கால் பெண்களுக்கு இன்று தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. 2025இல் தொண்ணூற்றொன்பதாம் வயதில் அவர் காலமானபோது அஞ்சலிகள் குவிந்தன. நல்ல ஓவியர், மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டைகளை வேறு எந்த நிறுவனத்தின் முத்திரையோடு போட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும். கிரெக்கின் அட்டைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

1976இல் டபுள்டே நிறுவனம் டெல்லை வாங்கியது. அதே ஆண்டு, வெஸ்டர்ன் அச்சகம் பத்திரமாக வைத்திருந்த 6,500க்கும் மேற்பட்ட டெல் புத்தகங்கள் வாஷிங்டனின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குப் போய்ச் சேர்ந்தன. பதிப்பாளர் கைமாறியபோதும் அச்சுக்காரரின் அலமாரி காப்பாற்றிக் கொடுத்தது. 1983இல் வில்லியம் லைல்ஸ் இந்த வரிசையின் வரலாற்றை எழுதி வெளியிட்ட பிறகு, சேகரிப்பாளர்களின் ஊகங்கள் பல தீர்ந்தன.

நம் வட்டத்தில் புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து டெல் அட்டைகளின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பளபளப்புத் தாள் ஓரங்களில் உரியத் தொடங்கியிருக்கும். அதை டேப் போட்டு ஒட்டவோ, முழுக்க உரித்துவிடவோ கூடாது. உரித்தால் மையும் கூடவே வந்துவிடும். முதுகில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 500க்குள் இருந்தால், முன்னட்டை எவ்வளவு கசங்கியிருந்தாலும், பேரம் பேசுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.