அச்சம் என்னும் மெய்ப்பாடும் சுஜாதாவின் திகில் புதினமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வார இதழ்களில் தொடராக வெளிவந்த திகில் புதினங்கள் பெரும் வாசகப் பரப்பைப் பெற்றன; எனினும் இலக்கிய வரலாறுகள் அவற்றை ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றன. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' புதினத்தை முன்வைத்து, அச்சச்சுவையை இலக்கியத் தகுதியோடு மதிப்பிடுவதற்கான அளவுகோல் தமிழ் மரபிலேயே உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அச்சம், மெய்ப்பாடு, திகில் புதினம், சுஜாதா, ஸ்ரீரங்கம், வார இதழ்

முன்னுரை

2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை, திகில் புதின ஆசிரியர் ஸ்டீபன் கிங்கிற்கு அந்நாட்டு இலக்கியத்திற்கான சிறப்புப் பங்களிப்புப் பதக்கத்தை வழங்கியது. திறனாய்வாளர் ஹெரால்ட் புளூம் இதனைக் கடுமையாக எதிர்த்தார். மக்கள் விரும்பிப் படிக்கும் திகில் எழுத்து இலக்கியமாகுமா என்னும் வினா, எழுத்தாளர் வாழும் காலத்திலேயே அங்கு வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது. தமிழ்ச் சூழலில் இவ்விவாதம் போதிய அளவு நிகழவில்லை. சுஜாதா சாகித்திய அகாதெமி விருது பெறாமலேயே 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். அவரைத் திகில் எழுத்தாளர் என்று மட்டும் வரையறுக்க இயலாது. எனினும் அவர்தம் திகில் எழுத்தே இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகிறது.

மரபில் அச்சம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. நகை, உவகை, பெருமிதம் ஆகியவற்றோடு அது ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அச்சத்தின் நிலைக்களன்கள் நான்கு. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்களும், செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும் பேய்களின் உலகை விரிவாகக் காட்டுகின்றன. இவற்றை எவரும் தாழ்ந்த இலக்கியமாகக் கருதுவதில்லை. ஆகவே, அச்சம் பாடுபொருளாக அமைவது ஒரு படைப்பின் தகுதியைக் குறைக்கும் என்னும் கருத்துக்குத் தமிழ் மரபில் இடமில்லை.

இரு கரைகள்

சுஜாதா என்னும் எஸ். ரங்கராஜன் 1935 மே 3 அன்று சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். கீழச்சித்திரை வீதி அவருடைய கதைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில், ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயிலைச் சார்ந்தது அவ்வாழ்க்கை. பின்னர் காவிரியின் தென்கரையிலுள்ள திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார், சென்னை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்று, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். நம்பிக்கை சார்ந்த உலகையும் சோதனை சார்ந்த உலகையும் இளமையிலேயே ஒருசேர அறிந்தவர் அவர். இவ்விரண்டும் அவருடைய திகில் புதினத்தில் எதிரெதிர் நிற்பதற்கு இப்பின்புலம் துணைசெய்தது எனக் கருத இடமுண்டு.

கொலையுதிர் காலம்: அணங்கா, கள்வரா?

குமுதம் இதழில் தொடராக வெளிவந்த இப்புதினத்தில், வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் லீனா என்னும் இளம்பெண்ணின் சொத்து தொடர்பாகச் செல்லும் இடத்தில் விளங்காத காட்சிகளை எதிர்கொள்கின்றனர். தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களைக் கொண்டு நோக்கினால், புதினத்தின் மைய வினா இதுவே: இவ்வச்சம் அணங்கால் வந்ததா, கள்வரால் வந்ததா? பேய் என்றால் அணங்கு. சொத்துக்காக எவரோ செய்யும் சூழ்ச்சி என்றால் கள்வர். ஹாலோகிராம் என்னும் ஒளியியல் நுட்பம் விளக்கமாக முன்வைக்கப்படுகிறது. எனினும் வாசகரின் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை. அறிவு தரும் விளக்கம் போதுமானதுதானா என்று அஞ்சவைப்பதே இப்படைப்பின் வலிமை எனலாம்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சிறுகதையும் இத்தகைய ஐயத்தின்மீதே கட்டப்பட்டது. அதில் வரும் பெண் பேயா அல்லளா என்பது உறுதிசெய்யப்படுவதில்லை. அக்கதையை இலக்கியமாகப் பயிலும் நாம், அதே உத்தியைப் பெருங்கதையாக விரித்த புதினத்தைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவதற்கு, அது வெளிவந்த இதழைத் தவிர வேறு காரணம் காட்டுவது அரிது. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' கதையிலும் ஊர்க்காவல் தெய்வம் பற்றிய அச்சமும் உளவியல் விளக்கமும் மோதுகின்றன. 2024 நவம்பரில் அவரும் மறைந்தார்.

குறைகளும் உள. தொடருக்கே உரிய திருப்பங்கள் சில இடங்களில் பாத்திர வளர்ச்சியை முந்திவிடுகின்றன. வசந்தின் நகைச்சுவை பெண்களைக் காட்சிப்பொருளாக்குவதை இன்றைய வாசகர் எளிதில் ஏற்க இயலாது. ஆயினும் படித்துக் கண்டறியும் குறை வேறு. படிக்காமலே ஒதுக்குவது வேறு.

முடிவுரை

சுஜாதாவின் முதல் சிறுகதை 1953இல், திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய 'சிவாஜி' இதழில் வெளிவந்தது. அவ்விதழின் படி தம்மிடம் இல்லை என்பதைப் பிற்காலத்தில் சுஜாதாவே எழுதினார். பல்லாயிரம் வாசகரைப் பெற்ற எழுத்தாளருக்கே தம் தொடக்கம் கைக்கெட்டாமற் போனதெனில், மலிவுத் தாளில் அச்சாகிய பிற திகில் புதினங்களின் நிலை சொல்லாமலே விளங்கும். நூலாக்கத்தில் தொடரின் ஓவியங்களும் வாரப் பகுப்பும் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன; வாரந்தோறும் அச்சம் எவ்வாறு வளர்த்தெடுக்கப்பட்டது என்பதை மூல இதழ்களின்றி ஆராய இயலாது.

எனவே திகில் புதினத்தை அச்சம் என்னும் மெய்ப்பாட்டின் வழி மதிப்பிடுவதும், அதற்குரிய இதழ்களைத் தேடித் தொகுப்பதும் ஒருங்கே நிகழவேண்டும். வீடுகளில் பைண்டு செய்து காக்கப்பட்டுள்ள பழைய தொடர்கள் எடைக்குப் போகுமுன் இப்பணி தொடங்கப்படுதல் நன்று. இன்று எழுதிக்கொண்டிருக்கும் திகில் எழுத்தாளர்களை அவர்கள் வாழும் காலத்திலேயே ஆய்வுக்கு உட்படுத்துவதும் அதன் ஒரு பகுதியாகும்.