விழிப்பின் வேர்: 'வேக்' என்னும் ஆங்கில வினையின் வரலாறு

துயில் எழுதலைக் குறிக்கும் 'வேக்' என்ற வினை ஆங்கிலத்தில் சிறு குழந்தையும் அறிந்த சொல். ஆயினும் இலக்கணம் பயில்வோரை அது இன்றளவும் அலைக்கழிக்கிறது. வேக், அவேக், வேக்கன், அவேக்கன் என நான்கு வடிவங்கள். இறந்தகாலத்திற்கு 'வோக்' என்றும் 'வேக்ட்' என்றும் இரண்டு. 1611-இல் அச்சேறிய ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் 'அவேக்ட்' என்ற வடிவம் பன்முறை பயின்று வருகிறது. இன்று அப்படி எழுதும் மாணவர் மதிப்பெண் இழப்பார்.

இக்குழப்பம் பிழையால் விளைந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் இவை தனித்தனி வினைகளாக இருந்தன. 'வக்கன்' என்பது தானே விழித்தெழுதல். 'வக்கியன்' என்பது உறங்காது விழித்திருத்தல், காவல் காத்தல். 'வெச்சன்' என்பது பிறரை எழுப்புதல். நாம் எழு, எழுப்பு என்று தன்வினையையும் பிறவினையையும் வேறுபடுத்திக் காப்பது போன்றதே அது. இடைக்கால ஆங்கிலத்தில் இவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன. உயிர் திரிந்து காலம் காட்டியது ஒரு வினை. விகுதி ஏற்றுக் காலம் காட்டியது மற்றொன்று. இரண்டின் எச்சங்களும் ஒரே சொல்லின் தலையில் ஏறிக்கொண்டன.

'வக்கன்' என்பதற்குப் 'பிறத்தல்' என்ற பொருளும் இருந்தது. 'பேயோவுல்ஃப்' காப்பியத்தில் டேனிய வேந்தன் ஹால்ஃப்டேனின் மக்கள் நால்வரும் உலகிற்குள் விழித்தெழுந்தவர்களாகவே சொல்லப்படுகின்றனர். பிறப்பை விழிப்பாகக் கண்ட அந்தப் பார்வையை மொழி பின்னாளில் இழந்துவிட்டது என்பது எனக்கு வருத்தமே.

இதன் வேர் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'வலிமை, உயிர்த்துடிப்பு' எனப் பொருள்பட்ட 'வெக்' என்பர் மொழிநூலார். காவலைக் குறிக்கும் 'வாச்' உடன்பிறந்த சொல். காத்திருத்தலைக் குறிக்கும் 'வெயிட்' பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த உறவு. ஒற்றர் பார்த்திருப்பதே அதன் முதற்பொருள். இலத்தீனில் இதே வேர் 'விஜில்' ஆயிற்று. அதிலிருந்து கிளைத்ததே கண்காணிப்பைக் குறிக்கும் 'சர்வேலன்ஸ்'. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793-இல் ஊர்தோறும் அமைந்த கண்காணிப்புக் குழுக்களின் பெயரில் இருந்த சொல் அது. காய்கறியைச் சுட்டும் 'வெஜிடபிள்' கூட இக்குடும்பத்ததே என்றால் நம்புவது கடினம். 'உயிர்ப்புடன் வளர்வது' என்பதே அதன் பழம்பொருள். வடமொழி 'வஜ்ர'வும் இவ்வேரினதே என்பர். அவ்வழியாக நம் வச்சிரமும் இவர்களுக்குத் தூரத்து உறவாகிறது. கப்பலின் பின்னே நீளும் நீர்த்தடத்தைக் குறிக்கும் 'வேக்' மட்டும் உருவால் ஒத்த வேற்றுச் சொல். பனிப்பரப்பில் ஏற்படும் திறப்பைக் குறித்த பழைய நார்ஸ் சொல்லிலிருந்து பிறந்தது அது.

திருநாளுக்கு முந்தைய இரவு கோயிலில் விழித்திருத்தலும் 'வேக்' எனப்பட்டது. மறுநாள் கூடும் சந்தைக்கும் விழாவுக்கும் அப்பெயரே நிலைத்தது. தொழிற்புரட்சிக்குப் பின் லங்காஷயர் நூற்பாலை நகரங்கள் ஆலைகளை மூடி வாரம் முழுதும் ஓய்ந்தபோது அதனை 'வேக்ஸ் வாரம்' என்றனர். தொழிலாளர் பிளாக்பூல் கடற்கரைக்கு இரயிலேறினர். விழித்திருத்தல் இப்படி விடுமுறையாயிற்று. பிணத்தருகே இரவெல்லாம் உற்றார் கண்விழித்தலும் 'வேக்' தான். அயர்லாந்தில் இச்சடங்கு இன்றும் உண்டு. ஏணியிலிருந்து விழுந்து இறந்ததாகக் கருதப்பட்டவன், சாவு வீட்டில் விஸ்கி தெறித்ததும் எழுந்து உட்காரும் கதைப்பாடல் ஒன்று அங்கு உண்டு. அதன் தலைப்பிலிருந்த உடைமைக்குறியை மட்டும் நீக்கி ஜேம்ஸ் ஜாய்ஸ் 1939-இல் தம் நாவலுக்குச் சூட்டினார். சாவுச் சடங்கு, பலர் எழுதல் என்ற இரு பொருளும் அதில் ஒருங்கே ஒலிக்கின்றன.

அண்மைக்கால வரலாறு அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. 1931-இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்மீது பொய்யாகப் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டது. 'ஸ்காட்ஸ்பரோ' வழக்கு எனப்படும் அதனைப் பற்றிப் பாடிய லெட் பெல்லி, 1938-ஆம் ஆண்டு ஒலிப்பதிவில், அவ்வழியே செல்லும் கறுப்பினத்தார் எச்சரிக்கையாக 'வோக்' ஆக இருக்கும்படி அறிவுறுத்துகிறார். அது உயிர்காக்கும் சொல்; பழைய 'வக்கியன்' பொருளே மீண்டும் உயிர்த்தது போலும். 1962-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் வில்லியம் மெல்வின் கெல்லி இச்சொல்லைத் தலைப்பில் வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினத்தாரின் வழக்குச் சொற்களை வெள்ளையர் எடுத்தாளும்போது அவை பொருள் மாறிப்போவது பற்றியது அது. 2014 ஃபெர்குசன் போராட்டங்களுக்குப் பின் சொல் உலகெங்கும் பரவியது; 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அப்புதுப்பொருளைச் சேர்த்துக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே அது எள்ளற்சொல்லும் ஆனது. ஃபுளோரிடா மாநிலம் 2022-இல் இச்சொல்லைப் பெயரிலேயே கொண்டு ஒரு தடைச்சட்டம் இயற்றியது. அதே ஆண்டின் இறுதியில் வேறொரு வழக்கில் அம்மாநில ஆளுநரின் சட்ட ஆலோசகரிடம் 'வோக்' என்பதன் பொருள் வினவப்பட்டது. அமெரிக்கச் சமூகத்தின் அமைப்பிலேயே அநீதிகள் உள்ளன, அவற்றைக் களைய வேண்டும் என்னும் நம்பிக்கையே அது என்று அவர் விடையிறுத்தார்.