வல்வில் ஒடிந்த கதை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எழுபதையும் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். என் பேரன் மூன்றாவது ரகம். மடியில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்கு வலிக்குமோ என்பதுபோல் முகத்தைச் சுளித்தபடியே வந்தான்.

பெட்டிக்குள் இரண்டு சேனைகள் இருந்தன. மேஜைமேல் படைகளை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் விளையாட்டில் அவனுக்குப் பைத்தியம். கட்டைவிரல் உயரமே உள்ள வீரர்களை அச்சு இயந்திரத்தில் பிசினால் வார்த்து வாங்கி, ஆறு மாதம் உட்கார்ந்து வர்ணம் தீட்டியிருந்தான். ஒரு பக்கம் வல்வில் ஓரி. எதிர்ப்பக்கம் மலையமான் திருமுடிக்காரி. ஆடிப் பதினெட்டையொட்டிச் செம்மேட்டில் ஓரிக்கு விழா நடக்கிறதல்லவா? அந்தச் சமயத்தில், அந்த மண்ணிலேயே, உறவினர் வீட்டுத் திண்ணையில் அந்தப் போரை நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

செம்மேட்டில் இறங்கிப் பெட்டியைத் திறந்தான். காரியின் பக்கத்தில் ஆறு வேல்கள் முறிந்திருந்தன. ஒரு குதிரைக்குக் கால் போயிருந்தது. அதெல்லாம் பெரிதல்ல. ஓரியின் வில் நடுவில் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"தாத்தா, வல்வில் ஓரிக்கு வில்லே இல்லை" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பையன் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடிவிட்டு வெளியே போய்விட்டான். ஆறு மாத உழைப்பைப் பார்த்துச் சிரித்த பாவத்துக்கு, அன்று பகல் முழுவதும் நான் தனியே உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

ஓரியின் வில் சாதாரண வில்லா? யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துக்கொண்டு போனதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஓரி. அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர். பெயரிலேயே ஒன்றாகிவிட்ட குதிரையும் வீரனும் இரு பக்கமும் நிற்க நடந்த போரில், காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான். ஓரி மாண்டபின் அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது ஊரே ஆரவாரித்த செய்தியைக் கபிலர் ஓர் அகப்பாட்டுக்கு உவமையாக வைத்திருக்கிறார். காரியின் கோவலூரை அதியமான் அழித்தான். அதியமானின் தகடூரைச் சேரன் அழித்தான். மண்பொம்மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து உடைவதுபோலத்தான் இருக்கிறது அந்தக் கால அரசியல்!

இத்தனை பேர் உடைந்த அந்த மலையில்தான் உடையாத பாவை ஒன்றும் இருந்ததாம். கொல்லிப்பாவையைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிரித்து மயக்கிக் கொல்லும் மோகினி என்று பிற்காலத்தில் கதை வளர்ந்தது. இன்று மலைமீது எட்டுக்கை அம்மன் கோயிலைக் காட்டி, அவள்தான் இவள் என்பார்கள். ஆனால் நற்றிணையில் ஒரு புலவர் சொல்லுவது வேறு. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி சீறி விழுந்தாலும், வேறு ஊறுகள் பல வந்தாலும், பூமியே குலுங்கினாலும் அந்தப் பாவை தன் அழகு மாறாது என்கிறார். காதலியின் உருவம் தன் நெஞ்சைவிட்டு அகலவில்லை என்று ஒரு காதலன் சொல்ல வந்த இடம் அது. எனக்கென்னவோ, காதலைவிட அந்தப் பட்டியல்தான் அன்று கண்ணில் பட்டது. காற்று, மழை, இடி, நிலநடுக்கம்! பொம்மை செய்கிறவன் எதற்கெல்லாம் பயப்படுவானோ, அதையெல்லாம் புலவர் எண்ணி வைத்திருக்கிறார்.

பொம்மை ஏன் உடைகிறது? உடம்பு உடைவதில்லை, நீட்டிக்கொண்டிருப்பதுதான் உடைகிறது. கீழடியில் சுட்ட மண்ணாலான ஆட்டக்காய்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அவை பிழைத்தது எப்படி? அவற்றுக்குக் கை இல்லை. கையில் வேலும் இல்லை. குட்டையாய், பருமனாய், உட்கார்ந்த வாக்கிலேயே இருந்து காலத்தை ஜெயித்துவிட்டன. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி ராணுவத்தாருக்காகப் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டபோது, அவரும் படைகளைச் சிறிய நீள்சதுரத் துண்டுகளாகவே வைத்தார். நிஜமாகவே போர் செய்கிறவர்களுக்கு வேலும் வாளும் மேஜைமேல் தேவைப்படவில்லை போலும்!

பிள்ளைகளுக்கோ அது போதாது. இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் கம்பெனியார் 1893இல் உள்ளே வெற்றிடமுள்ள ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கினார்கள். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் அத்தகைய சிப்பாய்களை வைத்து விளையாடி, 1913இல் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார். ஈயச் சிப்பாயின் கழுத்து அடிக்கடி ஒடியும். பிள்ளைகள் ஒரு தீக்குச்சித் துண்டைக் கழுத்துக்குள் செருகித் தலையைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். வைத்தியம் அவ்வளவுதான்.

தீக்குச்சி என்றதும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. பல வருஷங்களுக்கு முன் தஞ்சை ஜில்லாவில் ஒரு கோயிலில் கோபுரத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. சாரத்தில் உட்கார்ந்து துவாரபாலகருக்குக் கை வைத்துக்கொண்டிருந்த முதியவரிடம், "இவ்வளவு நீளக் கை எப்படி ஐயா நிற்கிறது?" என்று கேட்டேன்.

"கைக்குள்ளே கம்பி இருக்குங்க. வெளியிலே தெரியறதுதான் சுதை" என்றார்.

சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பதமாக்குவதைக் காட்டினார். அப்படியும் வெயிலும் மழையும் விடுவதில்லை. கும்பாபிஷேகந்தோறும் பழுது பார்த்தாக வேண்டும்.

நம் கைவினைஞர்கள் எல்லாரும் இந்தக் கவலையோடு மல்லாடியவர்களே. அய்யனார் குதிரை செய்யும் குயவர் மண்ணோடு மணலையும் உமியையும் கலப்பார். கால்களை உருளையாய்த் தடித்து வைப்பார். செப்புத்திருமேனி வார்த்தவர்கள் நடராஜரின் பறக்கும் ஆடை நுனியைத் திருவாசியோடு இணைத்துவிட்டார்கள். அழகுக்கு அழகு, பலத்துக்குப் பலம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்காரரின் யுக்தியோ தனி. அடியைக் கனமாக்கி உருண்டையாக விட்டுவிட்டார். விழாமல் இருக்க வேண்டியதில்லை. விழுந்தால் எழுந்துவிட்டால் போதும்.

சாயங்காலம் பேரனைத் தேடிப் போய், "வில்லுக்குள் கம்பி வைக்கலாமா?" என்றேன். அவனும் அதையேதான் நினைத்திருந்தானாம். கடைவீதியில் மின்சாமான் பழுதுபார்க்கும் ஒருவரிடம் மெல்லிய பித்தளைக் கம்பி கிடைத்தது. முறிந்த வேல்களை அடியோடு நறுக்கிவிட்டு, கம்பியையே வேலாக வைத்தான். நுனியைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கினால் இலை வடிவம் வந்துவிடுகிறது. குதிரைக் காலில் விரலால் உருட்டும் சின்னத் துளைக்கருவியால் ஓட்டை போட்டு, கம்பித்துண்டைச் செருகிப் பசையால் ஒட்டினான். குதிரைகளின் அடியில் ஒவ்வொரு நாணயத்தை ஒட்டிக் கனம் சேர்த்தோம். அது தலையாட்டிப் பொம்மையிடம் கற்ற பாடம்.

கடைசியில் வில். பிசின் வில்லைத் தூக்கி எறிந்துவிட்டு, கம்பியை வளைத்து முழு வில்லாகவே செய்தான். விரலால் அழுத்தினால் வளைந்து, விட்டால் நிமிர்ந்தது. "இனிமேல் பிசினையும் கொஞ்சம் வளைகிற பிசினாகக் கலந்து வார்க்கச் சொல்லணும் தாத்தா. விறைப்பாக இருக்கிறதுதான் ஒடியுது" என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை வாயில் இப்படி ஒரு வாக்கு வந்தால் தாத்தாக்கள் என்ன செய்வார்கள்? மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் திண்ணையில் போர் மூண்டது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓரி கட்சி. மலைக்காரப் பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள்? வேறு வழியில்லாமல் நான் காரியானேன். பகடை என் பக்கமே விழுந்துகொண்டிருந்தது. தோற்றுவிடலாமா என்று பார்த்தேன், பேரன் விடவில்லை. "தாத்தா, ஏமாற்றாதீங்க. சரியாக உருட்டுங்க" என்றான்.

உருட்டினேன். காரியின் குதிரை பாய்ந்தது. ஓரி குதிரையோடு சாய்ந்து, திண்ணையிலிருந்து தரையில் விழுந்தான். பிள்ளைகள் எல்லாரும் "ஐயோ!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். கபிலர் கேட்ட ஆரவாரம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பேரன் குனிந்து ஓரியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வில் ஒடியலை தாத்தா" என்றான்.