பழைய பேட்டரிக்கு மறுபிறப்பு உண்டா?

தென்காசியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் கடையநல்லூர், புளியங்குடி ஆகிய ஊர்களைத் தாண்டினால் வருவது வாசுதேவநல்லூர். மேற்கே மலை, மலைக்கும் ஊருக்கும் இடையே எலுமிச்சையும் தென்னையும். மலையடிவாரத் தோட்டங்களில் இரவு நேரத்தில் காட்டுப் பன்றி இறங்கும். சில நாள் யானையும் வரும். காவல் குடிசையில் ஒரு விளக்காவது எரிந்தாக வேண்டும்.

மின்கம்பி எட்டாத அத்தகைய தோட்டம் ஒன்றிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவன், சென்ற கோடையில் ஒரு கேள்வியோடு வந்தான். ஊருக்குள் யாரோ கழித்துப்போட்ட இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை அவன் தந்தை பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்திருந்தார். சிறிய சூரிய ஒளித் தகடு ஒன்றும் கைவசம் இருந்தது. "சார், இதப் பிரிச்சுப் புது பிளேட்டு போட்டா ஓடும்லா? எங்க தாத்தா காலத்துல அப்படித்தான் செய்வாங்களாம்" என்றான்.

தாத்தா சொன்னது பொய்யன்று. ஆனால் அவர் காலத்துப் பேட்டரி வேறு, இன்றைய பேட்டரி வேறு. இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்பதை அவனுக்குச் சொல்லப் புகுந்தபோதுதான், இது ஒரு கட்டுரைக்குரிய செய்தி என்று எனக்குத் தோன்றியது.

பாய்போல் சுருட்டிய தகடுகள்

1859-ஆம் ஆண்டு பிரெஞ்சு இயற்பியலார் காஸ்தோன் பிளாந்தே இரண்டு காரீயத் தகடுகளை, இடையே துணியை வைத்து, பாய்போல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அதில் மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டு நிறுத்தியபோது, செலுத்திய மின்சாரத்தை அது திருப்பித் தந்தது. மறுமுறை செலுத்தினால் மறுமுறையும் தந்தது. மின்னூட்டி மின்னூட்டிப் பயன்படுத்தத்தக்க முதல் சேமக் கலம் இதுவே. மறு ஆண்டில் ஒன்பது கலங்கள் கொண்ட அடுக்கு ஒன்றை அவர் பாரிசு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

அன்று நடைமுறைக்கேற்ற டைனமோ இல்லை. ஆகவே இந்தக் கலத்தை நிரப்ப வேறு மின்கலங்களைச் செலவழிக்க வேண்டியிருந்தது. விலைக்குத் தண்ணீர் வாங்கிக் கிணற்றில் ஊற்றுவது போன்ற வேலை! 1871-இல் கிராம் என்பார் டைனமோவை உருவாக்கிய பிறகே சேமக் கலத்திற்கு ஒரு வாழ்வு வந்தது. பிளாந்தே கலத்தில் இன்னொரு குறையும் உண்டு. தகட்டின் மேற்பரப்பு பக்குவப்படுவதற்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப மின்னேற்றி இறக்க வேண்டும். 1881-இல் கமில் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் ஈயச் செந்தூரத்தை அமிலத்தில் குழைத்துத் தகட்டில் அப்பி, இந்தக் காத்திருப்பை ஒழித்தார். அப்பிய பசை உதிர்ந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் செல்லன் என்பவர், காரீயத்தோடு சிறிது ஆன்டிமனி சேர்த்துச் சன்னல் கம்பிபோல் வார்த்த சட்டத்தின் கட்டங்களில் பசையை நிரப்பினார். இன்றைய தகடு இதன் வழித்தோன்றலே.

1881-ஆம் ஆண்டு மே மாதம் ஃபோர் செய்த கலங்கள் அடங்கிய பெட்டி ஒன்று பாரிசிலிருந்து கிளாஸ்கோ நகருக்குச் சென்றது. அதைப் பெற்றுச் சோதித்தவர் பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன். ஒரு கன அடிப் பெட்டிக்குள் பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல் பயணம் செய்து வந்திருக்கிறது என்று அவர் வியந்தார். மாணவர்கள் இதை இன்றைய அலகில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 13.6 லட்சம் ஜூல், அதாவது 377 வாட்-மணி. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று நாற்பது மணி நேரம் எரியும். பெட்டியின் எடை சுமார் 34 கிலோ. ஆகவே கிலோவுக்கு 11 வாட்-மணி. இன்று வீடுகளில் உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி 55 கிலோ இருக்கிறது என்று கொண்டால், கிலோவுக்கு 33 வாட்-மணி வருகிறது. நூற்று நாற்பது ஆண்டுகளில் மூன்று மடங்குதான்! வேதி வினைக்கு வேண்டிய பொருள்களை மட்டும் கணக்கிட்டால் கிலோவுக்கு ஏறத்தாழ 167 வாட்-மணி கிடைக்க வேண்டும். மீதியை நீரும் சட்டமும் பெட்டியும் தின்றுவிடுகின்றன.

கலத்தினுள் நடப்பது என்ன என்பதை 1882-இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்னும் இருவர் தெளிவாக்கினர். மின்னேற்றிய கலத்தில் ஒரு தகட்டில் பஞ்சு போன்ற காரீயமும் மற்றொன்றில் காரீய டை ஆக்சைடும் இருக்கும். மின்சாரத்தை எடுக்க எடுக்க இரண்டுமே காரீய சல்ஃபேட்டாக மாறும். இதில் அமிலமும் செலவாவதால் அதன் ஒப்படர்த்தி 1.28-லிருந்து 1.12 அளவுக்கு இறங்கும். பேட்டரிக் கடைக்காரர் கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி, "கிராவிட்டி" பார்ப்பது இதைத்தான். வேறெந்த மின்கலமும் தன் வயிற்றின் நிலையை இவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை.

கீல் உருக்கித் திறந்த காலம்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும், நம் பக்கத்துப் பாபநாசம் 1944-லும் மின்சாரம் தரத் தொடங்கின. கம்பி வருமுன் பல கிராமங்கள் கண்ட முதல் மின்சாரம் பேட்டரியில் வந்ததே. ஊர்ப் பொது வானொலிப் பெட்டிக்கு மின்னூட்ட, பேட்டரியை நகருக்குத் தூக்கிச் சென்று நிரப்பிக் கொண்டு வருவார்கள். கடல் கடந்து இலங்கையிலும், மின் இணைப்பில்லாத கிராமத்து வீடுகளில் கார் பேட்டரியால் தொலைக்காட்சி பார்த்து, அது தீர்ந்ததும் மிதிவண்டியில் கட்டி மின்னேற்றும் கடைக்குக் கொண்டுபோகும் வழக்கம் 1980, 90-களில் பரவலாக இருந்தது.

அக்காலப் பேட்டரியின் பெட்டி கெட்டியான எபனைட் ரப்பரால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்கும் தனி மூடி. மூடியைச் சுற்றிக் கீல் ஊற்றி அடைத்திருப்பர். கலங்களை இணைக்கும் காரீயப் பட்டை வெளியே தெரியும். ஆகவே பட்டறைக்காரர் ஊதுவிளக்கால் கீலை இளக்கி, பட்டையை அறுத்து, கெட்ட கலத்தை மட்டும் இடுக்கியால் உருவி எடுப்பார். உள்ளே நேர்த்தகடு, எதிர்த்தகடு, இடையே மரத்தாலோ ரப்பராலோ ஆன மெல்லிய தடுப்பு. கெட்டதை மாற்றி, காரீயத்தை உருக்கி ஒட்டி, மறுபடி கீல் ஊற்றி, அமிலம் நிரப்பி, இரண்டு மூன்று நாள் மெதுவாக மின்னேற்றினால் வேலை முடிந்தது. மாணவனின் தாத்தா பார்த்தது இதைத்தான். பழுது பார்க்கவே வடிவமைத்த பொருள் அது. இன்று அப்படி எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

1970-களிலிருந்து பாலிபுரோப்பிலீன் பெட்டிகள் வந்தன. எடை குறைவு, உடையாது, கசியாது. மூடியை வெப்பத்தால் ஒரே துண்டாக ஒட்டிவிடுகிறார்கள். கலங்களின் இணைப்பு உள்சுவரைத் துளைத்துச் செல்கிறது. இதைத் திறக்க வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியிலோ நேர்த்தகடு சட்டமாகவே இல்லை. வரிசையாக நிற்கும் துணிக் குழாய்களுக்குள் பசையை அடைத்த வடிவம். அதை வீட்டில் மாற்றுவது நடக்கும் காரியமன்று.

உப்பால் உயிர் வருமா?

பேட்டரிக்கு மூன்று வகை மரணம் உண்டு. நேர்த்தகட்டின் சட்டம் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு ஆக்சைடாகிவிடும். பசை உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்து, ஒருநாள் இரு தகடுகளையும் தொட்டு இணைத்துவிடும். இவ்விரண்டிற்கும் மருந்தில்லை. மூன்றாவது, மின்னேற்றாமல் கிடப்பில் போடுவதால் வருவது: நுண்ணிய சல்ஃபேட் படிகங்கள் பெரிதாக வளர்ந்து கெட்டிப்பட்டுவிடும். இது முற்றவில்லையெனில், நீண்ட நேரம் மெதுவாக மின்னேற்றுவதால் ஓரளவு மீளும்.

இந்த மூன்றாவது வகைதான் எத்தனையோ கைமருந்துகளுக்கு வாழ்வு கொடுத்தது. அவற்றுள் ஒன்று அமெரிக்க அரசையே ஆட்டிவைத்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜெஸ் ரிட்சி என்பவர் 'ஏ.டி.-எக்ஸ் 2' என்னும் பொடியை விற்றார். அதில் பெரும்பகுதி சோடியம் சல்ஃபேட்டும், நாம் பேதியுப்பு என்று அழைக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டும்தான். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையம் சோதித்து, பயனில்லை என்று கூறியது. வணிகர் செல்வாக்கு அரசியலுக்குள் புகுந்தது. 1953-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிலையத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகும்படி வணிகத் துறைச் செயலர் பணித்தார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தனர், ஆஸ்டின் மீண்டும் பதவியில் அமர்ந்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, நிலையத்தின் சோதனை சரியே என்று அறிக்கை தந்தது.

பொடி போட்டவர்கள் பலரும் பேட்டரி பிழைத்ததாகச் சத்தியம் செய்தார்களே, அது எப்படி? பொடியைப் போட்ட பிறகு நீண்ட நேரம் மெதுவாக மின்னேற்ற வேண்டும் என்பது செய்முறையில் ஒரு பகுதி. பிழைக்க வைத்தது அந்த மின்னேற்றம். பொடி போடாத பேட்டரியையும் அதேபோல் மின்னேற்றி அருகில் வைத்து ஒப்பிட்டவர்களுக்கே இது விளங்கியது.

இதைப் படித்துச் சிரிக்கும் தகுதி எனக்கில்லை. 2012-இல் சென்னை நீங்கலான மாவட்டங்களில் நாளுக்குப் பதினான்கு மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. சாரல் காலத்தில் காற்றாலைகள் சுழன்றால் எங்கள் பக்கம் சற்று மூச்சு வரும். அப்போது முதுகலை மாணவனாக இருந்த நான், செத்த பேட்டரியில் பேதியுப்பைக் கரைத்து ஊற்றி, இரண்டு நாள் மின்னேற்றி, வெற்றி பெற்றதாக நண்பர்களிடம் பெருமை பேசினேன். மூன்று வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

தோட்டத்தில் கண்டது

மாணவனின் பேட்டரியைப் பிரிக்காமலே சோதித்தோம். வாலை வடிநீர் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில், தீயோ பொறியோ அருகில் வராமல், 5 ஆம்பியர் மின்னோட்டத்தில் நாற்பது மணி நேரம் ஏற்றினோம். ஏற்றத்தின் கடைசியில் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும் என்பதால் இந்த எச்சரிக்கை. ஐந்து கலங்களில் ஒப்படர்த்தி 1.23 வரை ஏறிற்று. ஆறாவது 1.08-இலேயே நின்றது. அடியில் சேறு தகடுகளை இணைத்துவிட்டது என்பதே பொருள். கடைத்தெருவில் இதைச் "செல் செத்துப் போச்சு" என்று மூன்றே சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

இந்தச் செய்தியைச் சொல்லத் தோட்டத்துக்குப் போனபோதுதான் நான் திடுக்கிட்டேன். குடிசையின் பின்புறம் ஒரு பழைய டிராக்டர் பேட்டரி ஏற்கெனவே உடைபட்டுக் கிடந்தது. காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும். உருக்கிய இரும்புச் சட்டி அங்கேயே கவிழ்ந்திருந்தது. தகட்டிலிருந்து தட்டிய பழுப்புத் தூள் மண்ணோடு கலந்திருந்தது. அந்த மண்ணில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. மாணவனுடைய அக்காவின் ஒன்றரை வயதுக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை அடுத்த தியாரோய்-சுர்-மேர் என்னும் இடத்தில், பழைய பேட்டரியை உடைத்துக் காரீயம் பிரிப்பது குடிசைத் தொழிலாக நடந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தன. காரணம் காரீய நஞ்சு. பெரியவர் உடம்பைவிடக் குழந்தையின் உடம்பு, விழுங்கிய காரீயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்கிறது. வளரும் மூளையை அது தாக்குகிறது. 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குழந்தைகளுள் மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருக்கிறது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சி அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. தாத்தா காலத்துப் பட்டறைக்காரர்கள் தங்கள் கைத்திறனுக்குக் கொடுத்த விலையை எவரும் அளந்து வைக்கவில்லை.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பேட்டரியைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்கச் சொல்கின்றன. பழையதைப் புதுப்பித்து விற்போரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பேட்டரியிலுள்ள காரீயம் ஏறக்குறைய முழுவதும் மீட்கத்தக்கது. அதனால்தான் புதியது வாங்கும்போது பழையதற்குக் கடையில் விலை தருகிறார்கள்.

அந்தத் தோட்டத்துப் பழைய பேட்டரியும் அப்படித்தான் கடைக்குப் போயிற்று. கிடைத்த பணத்தோடு கொஞ்சம் போட்டுச் சிறிய புதுப் பேட்டரி ஒன்றை வாங்கினார்கள். காவல் விளக்குக்கு அது தாராளம். கறைபட்ட மேல்மண்ணை நனைத்து, தூசி பறக்காமல் வாரி, மூட்டையாகக் கட்டி ஒதுக்கினோம். சட்டியையும் அதோடு கட்டச் சொன்னபோது மாணவனின் ஆச்சிக்கு மனமில்லை. நல்ல கனமான சட்டி. குழந்தையைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்று இரத்தம் கொடுத்தார்கள். முடிவு 5 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.